சிலிப்பரில் வெட்டிய அச்சு

போன சனிக்கிழமை கோயில் மண்டபத்துப் பின்னால் கட்டிய கொடியில் பிள்ளைகள் அச்சடித்த 14 துணிப்பைகள் தொங்கின. மறுநாள் வீட்டில் வாளித் தண்ணீரில் சவுக்காரம் போட்டு எல்லாவற்றையும் ஒரு முறை அலசிப் பார்த்தேன். 11 தேறின. இரண்டில் சாயம் கரைந்து ஓடிவிட்டது. ஒன்றில் கட்டம் கோணிப்போய், கடைசிப் பூ வரிசை பையின் ஓரத்தைத் தாண்டி விழுந்திருந்தது. ஆறு வாரத்தில் முடிப்பதாகச் சொல்லித் தொடங்கிய ஓவிய வகுப்பு ஒன்பது வாரம் ஓடியது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். அடுத்த தவணைக்கு எனக்கே உதவும், வேறு ஊரில் யாராவது செய்தாலும் உதவும்.

நான் ஆசிரியர் இல்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 22 வருடம் பெயர்ப்பலகை எழுதியவன். மளிகைக்கடை, முடிதிருத்தும் கடை, லாரிக் கதவு, கோயில் திருவிழாப் பலகை எல்லாம் எழுதியிருக்கிறேன். ஃபிளக்ஸ் பேனர் வந்த பிறகு தூரிகை வேலை மாதம் இரண்டு மூன்று என்று சுருங்கிவிட்டது. தோட்டத்துக் கோயில் நிர்வாகத்தில் இருக்கும் அண்ணன் ஒருவர்தான், “சும்மா இருக்கிற சனிக்கிழமை காலையில பிள்ளைங்களுக்கு ஏதாவது சொல்லிக் குடுயேன்பா” என்றார். வந்தவர்கள் 14 பேர். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை படிக்கிற பிள்ளைகள். காலை 9 மணி முதல் பதினொன்றரை வரை வகுப்பு.

முதல் வாரம் நான் செய்தது முழுக்கத் தப்பு. ஓவியப் பாடம் என்றால் வண்ண வட்டம்தானே என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, பன்னிரண்டு பங்கு போடச் சொன்னேன். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் கலந்து மற்ற ஒன்பதையும் வரவழைக்க வேண்டும். ஜெர்மனியில் 1919-இல் தொடங்கிய பௌஹவுஸ் கலைப் பள்ளியில் ஜோஹன்னஸ் இட்டென் என்பவர் புது மாணவர்களுக்கு அடிப்படைப் பாடம் எடுத்தார்; இந்தப் பன்னிரண்டு பங்கு வட்டத்தை ஊரெல்லாம் பரப்பியது பெரும்பாலும் அவர்தான். அவருக்குச் சரியாக வந்தது எனக்கு வரவில்லை. 24 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய போஸ்டர் கலர் பெட்டியில் இருந்த சிவப்பையும் நீலத்தையும் கலந்தால், கத்தரிப்பூ நிறத்துக்குப் பதில் புளிக்கரைசல் நிறம் வந்தது. 14 தாளிலும் அதே புளிக்கரைசல். பிள்ளைகள் தங்கள் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் மட்டும் நிமிர்ந்து, “சார், இந்த வட்டத்த வச்சி அப்புறம் என்ன செய்வோம்?” என்று கேட்டான். பதில் என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பலகை எழுதும்போது நான் ஊதா வேண்டுமென்றால் ஊதா டின்னையே வாங்கிவிடுவேன், கலந்ததே கிடையாது. எனாமல் அப்படிப் பழக்கிவிட்டது. அப்போதுதான் ஃபிளக்ஸ் கடையில் பார்த்த மை டப்பாக்கள் ஞாபகம் வந்தன. சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு. பேனரில் தெரிகிற நிறம் அத்தனையையும் அந்த நான்கை வைத்துத்தான் அடிக்கிறார்கள். பெட்டியில் இருந்த சிவப்பு குங்குமச் சிவப்பு. அதற்குள் ஏற்கெனவே மஞ்சள் சாயல் ஒளிந்திருக்கிறது. நீலத்தோடு சேரும்போது மூன்று நிறமும் ஒன்றாகக் கலந்த கணக்காகி, சேறாகிவிடுகிறது. என் பிழைப்பைக் கெடுத்த மிஷினே எனக்குப் பாடம் எடுத்தது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாம் வாரம் போஸ்டர் கலரை ஓரங்கட்டிவிட்டு, துணிக்குப் போடும் சாயம் ஐந்து போத்தல் வாங்கினேன்: மஜெந்தாவுக்கு நெருக்கமான ரோஸ், பச்சை சாயல் உள்ள நீலம், எலுமிச்சை மஞ்சள், வெள்ளை, கறுப்பு. போத்தல் 8 வெள்ளி 50 சென். இந்த முறை ஊதா ஊதாவாகவே வந்தது. ரோஸில் கொஞ்சம் மஞ்சள் சேர்த்துச் சிவப்பையும் எடுத்தார்கள். கடையில் வாங்குகிற நிறம் என்று நினைத்திருந்த சிவப்பைத் தங்கள் கையாலேயே கலந்து எடுத்ததில் மண்டபமே அதிர்ந்தது. அன்றைக்குத்தான் முடிவையும் சொன்னேன்: ஆளுக்கொரு துணிப்பை, தன் அச்சைத் தானே வெட்டி அடிக்க வேண்டும், வீட்டில் அம்மா பாசாருக்கு எடுத்துப் போகிற மாதிரி இருக்க வேண்டும். வட்டம் எதற்கு என்று கேட்ட பையனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பையில் இரண்டே நிறம்தான் அனுமதி. எந்த இரண்டு என்று தேர்ந்தெடுக்கத்தான் வட்டம்.

மூன்றாம் வாரம் சாம்பல் படிகள். வெள்ளையில் தொடங்கிக் கறுப்புக்கு ஆறு கட்டத்தில் இறங்க வேண்டும். நான் கண்ணால் பார்த்துக் கலப்பவன். பிள்ளைகள் அளவு கேட்டார்கள். சரி என்று மருந்து ஊற்றும் சொட்டுக்குழாய் ஒன்று எடுத்து, ஒரு தேக்கரண்டி வெள்ளைக்கு முதல் கிண்ணத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, நான்கு, ஐந்து என்று போடச் சொன்னேன். வெள்ளைக்கும் முதல் கிண்ணத்துக்கும் நடுவே பெரிய பள்ளம். மூன்று, நான்கு, ஐந்து சொட்டுக் கிண்ணங்களை இடம் மாற்றி வைத்தால் எது எதென்று எனக்கே தெரியவில்லை. மொத்தத்தில் படிக்கட்டு இறங்குவது போல இல்லை. திண்ணையிலிருந்து குதித்துவிட்டு, அப்புறம் சமதரையில் நடப்பது போல இருந்தது.

கண்ணாடி போட்ட ஐந்தாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, “சார், ஒவ்வொரு வாட்டியும் டபுளா போட்டா?” என்றாள். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. போட்டுப் பார்த்தோம். படி படியாக அழகாக இறங்கியது. பல வருடம் தூரிகை பிடித்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்; கை அறிந்திருந்தது, வாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. கண் கூட்டல் கணக்குப் பார்ப்பதில்லை, பெருக்கல் கணக்குப் பார்க்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

இங்கே ஒரு சின்ன விலகல். கறுப்பு என்றால் சாயம்தான் என்று பிள்ளைகள் அடித்துப் பேசினார்கள். பக்கத்துக் கோலகங்சாரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாயோங்கில் செய்கிற லாபு பானை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. சுரைக்காய் வடிவில் கன்னங்கறேல் என்று இருக்கும். மறுவாரம் எடுத்துப் போய்க் காட்டினேன். அதில் சாயமே கிடையாது. சூளையிலிருந்து சுடச்சுட எடுத்த பானையை உமிக்குள் புதைப்பார்கள். உமி கருகுகிற புகைதான் கறுப்பாக ஏறுகிறது. பானையை எல்லாரும் தடவிப் பார்த்து, விரலை முகர்ந்து பார்த்தார்கள். அது நல்ல பத்து நிமிடம்.

சாம்பல் படி எதற்கு என்பது அதே வாரம் தானாகப் புரிந்தது. ஒரு சிறுமி செம்பருத்திப் பூ எடுத்திருந்தாள். பச்சைப் பின்னணியில் சிவப்புப் பூ. தாளில் கண்ணைப் பறித்தது. தோழிக்கு அனுப்பலாம் என்று என் கைப்பேசியில் படம் எடுக்கச் சொன்னாள். சாம்பல் படிகளைச் சரிபார்க்கக் கேமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்திருந்தேன், மாற்ற மறந்துவிட்டேன். திரையில் பூவே இல்லை. தாள் முழுக்க ஒரே சாம்பல். “சார், பூவக் காணோம்!” என்று கத்தினாள். எல்லாரும் ஓடிவந்து பார்த்தார்கள். சிவப்பும் பச்சையும் வேறு வேறு நிறம். ஆனால் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளுப்பு என்ற கணக்கில் இரண்டும் ஒரே எடை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் பூ பச்சைக்குள் முங்கிப்போகும். அவளே பச்சையில் எட்டுச் சொட்டுக் கறுப்பு விட்டாள். மறுபடி படம் எடுத்தோம், பூ திரும்பி வந்தது. அன்றைக்கு மீதி நேரம் முழுக்க என் கைப்பேசி வரிசையில் கைமாறிக்கொண்டே இருந்தது. நான் பேசிப் புரிய வைக்க முயன்றிருந்தால் இரண்டு வாரம் எடுத்திருக்கும்.

இனி அச்சு. இதில்தான் அதிகம் அடிபட்டேன்.

அச்சு வெட்டும் லினோலியம் தகடு விலை அதிகம். இறுகிக் கிடக்கிற அந்தத் தகடு பத்து வயதுக் கைக்கு ஆகவும் ஆகாது. ரப்பர் ஊரில் இருந்துகொண்டு அச்சுக்கு ரப்பரை வெளியே தேடுவதா என்று எனக்கு ஒரு வீம்பு. கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது; இங்கிருந்து காரில் போய்ப் பார்த்துவிட்டுப் பசியாறும் நேரத்துக்குள் திரும்பிவிடலாம். இந்தப் பிள்ளைகளின் பாட்டி தாத்தா பாதிப்பேர் மரம் சீவியவர்கள். இப்போது சுற்றிலும் செம்பனைதான். ஆனாலும் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் நாலு ஏக்கரில் இன்னும் பால் எடுக்கிறார். அவரிடம் இரண்டு லிட்டர் பால் வாங்கினேன்.

திட்டம் இதுதான்: கேக் சுடும் தட்டில் களிமண்ணைப் பரப்பி, அதில் வடிவத்தைத் தோண்டி, மேலே பாலை ஊற்றி உறைய வைத்தால் எடுக்கும்போது அச்சு தயார். பாலைப் பழைய ஜன்னல் வலையில் வடிகட்டி, அதே அளவு தண்ணீர் சேர்த்தேன். பெரியவர் அளந்து கொடுத்த ஆசிட்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். இது பிள்ளைகள் இல்லாத நாளில், வீட்டுப் பின்கட்டில், கையுறை போட்டுச் செய்தது. 12 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஊற்றியிருந்தேன். காலையில் பார்த்தால் தயிர் போல உறைந்து, ஓரத்தில் தண்ணீர் விட்டு, தட்டைவிட்டு விலகிச் சுருங்கியிருந்தது. எடுத்துக் கழுவினேன். நான் கூர்மையாகத் தோண்டிய இலை நுனியெல்லாம் மொழுமொழுவென்று, சூப்பிப் போட்ட மாங்கொட்டை போல இருந்தது.

சரி, காயட்டும், வெட்டிக்கொள்ளலாம் என்று கொடியில் தொங்கவிட்டேன். பத்து நாள் ஆனது. மேலே தேன் நிறத்தில் காய்ந்துவிட்டது. வெட்டினால் உள்ளே இன்னும் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. பூஞ்சணம் வேறு. வாடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் ஸ்டோர் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெரியவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “மிஷின்ல குடுத்து மெலிசா தேய்க்காம எப்படிப்பா காயும்? நீ என்ன, கேக்கா சுடுற?”

காய்ந்த பகுதியையாவது வெட்டலாம் என்று கத்தியை வைத்தேன். கத்தி போகிற பக்கமெல்லாம் ரப்பரும் கூடவே வந்தது. இழுத்தால் நீளுகிறது, விட்டால் திரும்பிப் போகிறது. வெட்டுவாய் மட்டும் இல்லை. எழுதுபொருள் கடையில் விற்கிற அழிப்பான் வெண்ணெய் போல வெட்டுப்படுவதற்குக் காரணம், அதைப் பதப்படுத்தும்போது சேர்க்கிற தூள்களும் சூடும். பச்சை ரப்பருக்கு அந்தக் குணம் கிடையாது. தட்டு, ஆசிட் எல்லாம் சேர்த்து 9 வெள்ளியும் இரண்டு வாரமும் போனது. அந்தக் கட்டி இப்போது கார் நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்கு அடைப்பாக இருக்கிறது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

விடையைக் காலிலேயே மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். மண்டபத்து வாசலில் கழற்றிப் போட்டிருந்த 14 ஜோடி சிலிப்பரைப் பார்த்தபோதுதான் தோன்றியது. பழைய சிலிப்பர் கொண்டு வரச் சொன்னேன். வெட்ட அருமையாக இருந்தது. கட்டர் பிளேடு கேட்ட பக்கம் போகிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தினாலே கோடு பள்ளமாக விழுந்து நிற்கிறது. ஆனால் தேய்ந்த சிலிப்பரில் ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டர் வரை குறைவு. அச்சு வைத்தால் பாதிப் பூ கறுப்பாகவும் பாதி மங்கலாகவும் விழும். பின்னால் அட்டை வெட்டி ஒட்டிச் சமன் செய்து பார்த்தோம்; சாயத்தண்ணீர் பட்டு அட்டை ஊறி உப்பிவிட்டது. கடைசியில் புதுச் சிலிப்பரே நாலு ஜோடி வாங்கினேன், ஜோடி 3 வெள்ளி 90 சென். பெரிய ஆள் அளவு. ஒரு சிலிப்பரின் முன்பக்கத்தில் 6 செ.மீ. சதுரம் இரண்டு எடுக்கலாம், வார் ஓட்டையைத் தவிர்த்துவிட்டு. எட்டுச் சிலிப்பரில் 16 துண்டு. 14 பிள்ளைகளுக்கு, இரண்டு பாழ். கணக்கு அப்படியே சரியாக வந்தது.

கத்தி விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். பிளேடு, அதில் கோடு போட்டுப் பிரித்திருக்கிற இரண்டு துண்டுக்கு மேல் வெளியே நீட்டக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் வெட்டலாம், அதுவும் என் இரு பக்கமும் உட்கார்ந்து. மற்றவர்கள் பேனாவால் கோடு அழுத்திக்கொண்டு காத்திருப்பார்கள். முதலில் கோட்டின் இரு புறமும் சாய்வாக வெட்டி, வி வடிவத்தில் ஈர்க்குச்சி அகலத்துக்கு எடுத்துவிட வேண்டும். பள்ளம் இரண்டு மில்லிமீட்டராவது ஆழம் இல்லையென்றால் சாயம் இறங்கி அடைத்துக்கொள்ளும். ஒரு விரலில் ஒரு சின்னக் கீறல், பிளாஸ்டர் போட்டு முடிந்தது. ஒரு பையன் எதையுமே வெட்டாமல், சிலிப்பர் அடியில் இருந்த அலை அலையான கோட்டையே அச்சாக வைத்து அடித்தான். முதலில் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அடித்துக் காட்டியபோது வாயை மூடிக்கொண்டேன்.

அச்சு தயாரானதும் அடுத்த சிக்கல். ஒரு பூவை வரிசையாக அடித்தால் அது கோலம் ஆகாது, தபால் தலைத் தாள் ஆகும். ஒரு சதுரத்துக்கும் அடுத்த சதுரத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத சுவர் நிற்கிறது. இதை உடைக்கப் பழைய வித்தை ஒன்று உண்டு. 6 செ.மீ. சதுரத் தாளின் நடுவில், ஓரத்தைத் தொடாமல் படம் வரைய வேண்டும். பிறகு தாளைக் கூட்டல் குறி போல நாலாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் எதிர்மூலைக்கு மாற்றி ஒட்ட வேண்டும். இப்போது பூ நான்கு மூலையிலும் கால் காலாகப் பிரிந்து, நடுவில் வெற்றிடம் வந்துவிடும். அந்த வெற்றிடத்தில் இலையோ கொடியோ வரைந்தால் அச்சு முடிந்தது. இதை நேர் வரிசையில் பக்கம் பக்கமாக அடிக்கும்போது மூலைகள் சேர்ந்து முழுப் பூவாகிவிடும். எங்கே ஒரு அச்சு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. தாளைக் கத்தரிக்கச் சொன்னபோது பாதிப்பேர் முகம் வாடிவிட்டது, “வரைஞ்சத வெட்டவா?” என்று. ஒட்டி முடித்த பிறகு அந்தப் பேச்சே இல்லை. பார்த்தால் எளிது, ஆனால் துண்டுகளை மாற்றும்போது ஐந்து பேர் ஒரு துண்டையாவது திருப்பி ஒட்டிவிட்டார்கள். வெட்டுவதற்கு முன்னால் நாலு துண்டின் பின்னாலும் எண் எழுதி அம்புக்குறி போட வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அடிக்கிற வரிசையைச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை. பேரனை அழைத்துப் போக வந்த பாட்டி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் மரம் சீவியவர். நான் தாளில் இரண்டாவது வரிசையைப் பாதிச் சதுரம் தள்ளி அடித்துக் காட்டி, இதை எப்படி விளக்குவது என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். அவர், “இது ஊடுபுள்ளிதானே தம்பி, இதுக்கு ஏன் இவ்வளோ நேரம்?” என்றார். அவ்வளவுதான். நேர்ப்புள்ளிக் கோலத்தில் புள்ளிக்கு நேராகப் புள்ளி. ஊடுபுள்ளியில் இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி. தைப்பூசத்துக்கும் பொங்கலுக்கும் வாசலில் புள்ளி வைத்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல் போதும். அவரையே உள்ளே அழைத்துத் தரையில் சாக்பீஸால் ஒன்று போடச் சொன்னேன். “எனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுக்கத் தெரியாதுப்பா” என்று சொல்லிக்கொண்டே ஏழு புள்ளியில் தொடங்கி நாலில் முடித்தார். கை ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

ஊடுபுள்ளிக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. நேர் வரிசையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கண் பிடித்துவிடும். ஊடுபுள்ளியில் அந்தப் பிசகு பூவோடு பூவாக மறைந்துவிடும். அச்சு சரியான சதுரமாக வெட்டுப்படாதவர்கள் எல்லாரையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.

துணி, ரோலாக விற்கிற பழுப்புப் பருத்தி, இங்கே பெலாச்சு என்பார்கள். மீட்டர் 5 வெள்ளி 50 சென், ஆறு மீட்டர். மாதிரிப் பையை அவசரத்தில் துவைக்காமலே வெட்டித் தைத்தேன். துவைத்தபோது 30 செ.மீ. அகலம் 28 அரை ஆனது. அதுவுமில்லாமல் புதுத் துணியில் இருக்கிற கஞ்சி சாயத்தை உள்ளே விடவில்லை. பூ மேலேயே உட்கார்ந்து, உலர்ந்ததும் செதில் செதிலாக உதிர்ந்தது. மீதியை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, இஸ்திரி போட்டு, 34-க்கு 40 செ.மீ. துண்டுகளாக வெட்டினேன். தைப்பதற்கு முன் அடிக்க வேண்டும், தைத்த பிறகு மடிப்பு இடைஞ்சல்.

அச்சடிக்கும் பரப்பு 24-க்கு 30. அகலத்தில் நாலு, உயரத்தில் ஐந்து, ஆக 20 அச்சு. ஒரு மில்லிமீட்டர் தப்பு ஐந்தாவது வரிசையில் ஐந்து மில்லிமீட்டர் ஆகிவிடும். இதற்கு என் பழைய தொழில் கை கொடுத்தது. பலகையில் எழுத்துக்கு வரி போடுவது போல, சாக்பீஸ் தடவிய நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டிவிட்டால் நேர்க்கோடு விழும். பிள்ளைகளுக்கு அச்சடிப்பதைவிட நூல் சுண்டுவதுதான் பிடித்தது. கோணிப்போன அந்த ஒரு பையில் நூல் பிடித்தவர்கள் பேசிக்கொண்டே பிடித்தார்கள்.

சாயத்தை உருளையில் தடவிப் பார்த்தேன், அச்சுப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பாத்திரம் கழுவும் பஞ்சை நாலாக வெட்டி, சாயத்தில் லேசாகத் தொட்டு, அச்சின் மேல் ஒற்றி ஒற்றி எடுப்பதுதான் சரியாக வந்தது. துணிக்கு அடியில் பழைய செய்தித்தாள் எட்டு மடிப்பு. மெத்தென்று இருந்தால்தான் எல்லா இடமும் பதியும். அச்சை வைத்துவிட்டு உள்ளங்கையால் பத்து எண்ணும் வரை அழுத்த வேண்டும். எடுக்கும்போது ஒரு ஓரத்திலிருந்து தூக்க வேண்டும்.

எழுத்து வெட்டியவன் ஒருவன் இருந்தான். அம்மாவுக்காக ‘அ’. 22 வருடம் எழுத்தே பிழைப்பாக இருந்த நான் பக்கத்தில் உட்கார்ந்து வெட்ட வைத்தேன், இருவருக்கும் தோன்றவில்லை. முதல் அச்சை எடுத்ததும் ‘அ’ கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நின்றது. அழப்போகிறான் என்று பார்த்தால், இரண்டாவதை அச்சைத் தலைகீழாகத் திருப்பி வைத்து அடித்தான். மூன்றாவது நேராக, நாலாவது தலைகீழ். இருபது முடிந்தபோது எழுத்து எங்கும் தெரியவில்லை, கொடி பின்னிய மாதிரி ஒரு வடிவம்தான் தெரிந்தது. வேறு அச்சு வெட்டித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டான்.

சாயம் துணியில் நிற்க, ஒரு நாள் உலரவிட்டு, மேலே மெல்லிய துணி போட்டு, ஆவியில்லாத சூட்டு இஸ்திரியில் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று நிமிடமாவது காட்ட வேண்டும். மண்டபத்தில் ஒரே இஸ்திரிப் பெட்டி. கடைசி இரண்டு பைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு, வேன் வந்துவிட்டது. மேலோட்டமாகத் தேய்த்துவிட்டேன். சாயம் கரைந்து போனவை சரியாக அந்த இரண்டும்தான். பிள்ளைகளின் தப்பு இல்லை என்று அந்த இரண்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். துணியும் அச்சும் கையிலேயே இருக்கின்றன, வருகிற வாரம் திரும்ப அடிக்கிறோம்.

செலவு: துணி 33 வெள்ளி, தையல், பை ஒன்றுக்கு 2 வெள்ளி வீதம் ஒரு மாணவியின் அம்மாவுக்கு 28, சிலிப்பர் 15.60, துணிச் சாயம் 42.50; பிளேடு 6; தாள், பஞ்சு, நூல், சாக்பீஸ் 11.90. இதோடு வீணாய்ப் போன போஸ்டர் கலர் 24, ரப்பர் கூத்து 9. மொத்தம் 170 வெள்ளி. பெற்றோர் ஆளுக்கு 5 வெள்ளி கொடுத்தது 70, கோயில் நிர்வாகம் 50, மீதி 50 என் கை. வீணானதைக் கழித்தால் ஒரு பை 9 வெள்ளி 80 சென்னுக்குள் முடிந்திருக்கும்.

அடுத்த தவணையில் முதல் நாளே ஒரு முடிந்த பையைக் கையில் எடுத்துப் போவேன். வண்ண வட்டம் முழுசாகப் போடச் சொல்ல மாட்டேன், தன் பைக்கு வேண்டிய இரண்டு நிறமும் அவற்றைக் கலந்தால் வருகிற நிறங்களும் போதும். கறுப்பு வெள்ளைக் கேமரா முதல் வாரத்திலிருந்தே மேசை மேல் இருக்கும். இஸ்திரிப் பெட்டி மூன்று வேண்டும், இரண்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அச்சடிப்பதை ஒரே நாளில் 14 பேருக்கும் வைக்காமல், ஏழு ஏழாகப் பிரித்துவிட வேண்டும். பாட்டியிடமும் கேட்டேன், இரண்டு சனிக்கிழமை வந்து கோலம் போட முடியுமா என்று. மூட்டுவலி என்றார், அப்புறம், நாற்காலி போட்டால் வருவதாகச் சொன்னார்.

எட்டுக் குதிகால் துண்டுகள் மிச்சம் இருக்கின்றன. ஓரம் வளைவு என்பதால் 5 செ.மீ. சதுரத்துக்கு மேல் வராது. சின்னப் பிள்ளைகள் நாலு பேர் சேரக் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்குக் கைக்குட்டை அளவில் அடிக்க அது போதும்.